மாட்டுக்காரனாகப் போற மாப்ளைக்கு

மாடு வாங்கப் போறியாமே மாப்ளே! கேட்டதுலேர்ந்து எனக்கு இருப்புக்கொள்ளல. ஊர்ல கன்னுக்குட்டி மோந்து பாக்க வந்தாலே வைக்கப்போர் மேல ஏறி உக்காந்த பய நீ. இன்னைக்கு டென்வர்ல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டே, கிழக்கே பொட்டக்காட்டுல இருக்கிற ஒரு பண்ணைக்காரருக்குக் காசு குடுத்து, மாட்டைச் சுட்டு, வெட்டி, பொட்டலம் கட்டிக் குடுக்கச் சொல்லப் போறே. செய்யி. தப்புன்னு சொல்ல வரல. ஆனா காலமெல்லாம் சந்தையில மாட்டுத் தரகு பாத்த தாய்மாமன் ஒருத்தன், மக வீட்டுல பேரனுக்கு டயப்பர் மாத்திக்கிட்டு பத்து மைலுக்குள்ள கெடக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காம இருக்கிறதுதான் படிச்சவனுக்கு அழகு. படிக்காதவனுக்கு அழகு, கேக்காமலே சொல்றது.

"பசுவைச் சுடப் போறோம்"னு உன் கூட்டாளிககிட்ட பீத்திக்கிட்டியாமே. கன்னு போடுற பசு அந்தப் பண்ணைக்காரருக்கு முதல். முதலை எவனாவது சுட்டுத் திம்பானா? அவரு விக்கிறது காயடிச்ச காளை. ஒன்றரையிலேர்ந்து ரெண்டு வயசு. புல்லு மட்டும் தின்னு வளர்ந்ததுன்னா இன்னும் கொஞ்ச மாசம் கூட ஆகும். கடைசி சில மாசம் சோளம் போட்டுக் கொழுக்க வெச்சதுன்னா சீக்கிரமே ஆளாயிரும். எவராவது வெலையைக் கொறைச்சு, "பசு ஒண்ணு இருக்கு"ன்னு சொன்னா, அது சினை பிடிக்காம நின்ன கிழவி. கைமாவுக்கு நல்லாவே இருக்கும். அதுல ஸ்டேக்கு போட்டுத் திங்கணும்னா உனக்குப் பல்லு புதுசா மொளைக்கணும்.

பல்லுன்னதும் ஞாபகம் வருது. சந்தையில மாட்டு வாயைப் பொளந்து பாத்து, ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு நான் சொன்னா நீ சிரிப்பே. "என்ன மாமா, மாட்டுக்கு டென்டிஸ்டா?"ன்னு கேட்டவன்தானே. இப்பக் கேளு. 2003 டிசம்பர்ல வாஷிங்டன் மாகாணத்துல ஒரு கறவை மாட்டுக்குப் பைத்தியக்கார மாட்டு நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அமெரிக்க சர்க்கார், 30 மாசம் ஆன மாட்டோட மூளை, தண்டுவடம் இதெல்லாம் மனுசன் திங்கிற பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிருச்சு. சரி, பொறந்த தேதிக்கு ரெக்கார்டு இல்லாத மாட்டுக்கு 30 மாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாயைப் பொளந்துதான்! முன்னாடி ரெண்டு பல்லு மாறி மொளைச்சிருந்தா சரி. ரெண்டாவது சோடியில ஒரு பல்லு எட்டிப் பாத்தாலும் 30 மாசம் தாண்டுனதாக் கணக்கு. அரசாங்க அதிகாரி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு செய்யிற வேலையை உன் மாமன் அழுக்குத் துண்டோட செஞ்சேன். சம்பளந்தான் வேற.

அதுக்காக மூளை வறுவல் கேட்டுத் தொலைக்காதே. சின்ன மாடா இருந்தாலும் குண்டு போற எடமே அதுதான்.

நம்ம ஊருச் சட்டம் இதுக்கு நேர் எதிர். 1958ல மெட்ராஸ் சர்க்கார் போட்ட சட்டப்படி, 10 வயசுக்கு மேல ஆகி, உழைக்கவும் கன்னு போடவும் ஆகாதுன்னு ஆனாத்தான், இல்லைன்னா அடிபட்டோ தீராத நோய் வந்தோ ஒரேயடியா முடங்கிப் போனாத்தான் கசாப்புக்குச் சர்ட்டிபிகேட்டு. அதே 1958ல அமெரிக்காவுலயும் ஒரு சட்டம் வந்துச்சு: அறுக்கிறதுக்கு முன்னாடி மாட்டுக்கு வலி தெரியாம நெனவு போகணும்னு. அங்க வயசாகாம சாகக்கூடாது, இங்க வலிச்சு சாகக்கூடாது. மாட்டுகிட்ட எந்தச் சட்டம் தேவலைன்னு நான் கேட்டதில்ல.

இப்ப சட்டத்துக்கே வாரேன். இதுலதான் நீ மாட்டிக்கிட்டு முழிப்பே. 1906ல அப்டன் சின்கிளேர்னு ஒருத்தரு சிகாகோ கசாப்புத் தொழிற்சாலைங்களைப் பத்தி ஒரு நாவல் வெளியிட்டாரு. தொழிலாளிங்க படுற பாட்டைச் சொல்லத்தான் எழுதுனது. படிச்ச சனங்க தொழிலாளியை விட்டுட்டு, ஐயையோ நம்ம தட்டுல என்ன கெடக்குன்னு வயித்தைப் பிடிச்சுக்கிச்சு. அதே வருசம் ஜூன்ல கறிச் சோதனைச் சட்டம் வந்துருச்சு. வெலைக்கு விக்கிற கறின்னா, மாட்டை வெட்டுறதுக்கு முன்னாடியும் வெட்டுன பின்னாடியும் அதிகாரி பாக்கணும். அந்தப் பொட்டக்காட்டுக்கு எந்த அதிகாரி வருவான்? வர மாட்டான். அதனால பண்ணைக்காரரு உனக்குக் கறி விக்க முடியாது. உசுரோட நிக்கிற மாட்டைத்தான் விக்க முடியும். சொந்த மாட்டைச் சொந்தக் குடும்பத்துக்காக அடிச்சுக்கிறவனுக்கு அந்தச் சோதனை கெடையாதுன்னு சட்டத்துலயே ஒரு சந்து விட்டிருக்கான்.

ஆக, வெடி வெடிக்கிற நேரத்துல அந்த மாட்டுக்குச் சொந்தக்காரன் நீதான் மாப்ளே. கயிறு பிடிக்கத் தெரியாதவன், சாணி அள்ளாதவன், ஒரு மணி நேரத்துக்கு மாட்டுக்காரன். நாலு பேரு சேந்து வாங்குனா ஆளுக்கொரு காலு சொந்தம். 2021ல கொலராடோவுல, பண்ணைக்காரரு மாட்டைப் பங்கு போட்டு நேரா சனங்களுக்கு வித்துக்கலாம்னு தனியா ஒரு சட்டமே போட்டாங்க. சொந்தக்காரன்னா சும்மாவா? ரெண்டு செக்கு எழுதணும். மாட்டுக்கு ஒண்ணு, பண்ணைக்காரரு பேருல. வேலைக்கு ஒண்ணு, வெட்டுறவரு பேருல. ஒரே செக்கா எழுதிக் குழப்பாதே. அப்புறம் மாட்டுல போட்ட சூட்டு அடையாளத்தைப் பாக்க ஒரு அதிகாரி இருக்காரு. இந்த மாகாணத்துல மாடு கை மாறுனாலும் கசாப்புக்குப் போனாலும் அவரு பாத்துச் சீட்டு குடுக்கணும். திருட்டு மாடு இல்லைன்னு சர்க்காரே சாட்சி. நம்ம சந்தையில இந்த ஆளு இருந்திருந்தா எம் பொழப்பு பாதி போயிருக்கும், அது வேற கதை.

அதிகாரி பாக்காத மாடுங்கிறதால, பாக்க வேண்டியவன் நீ. காது தொங்கிப் போயிருக்கா, மூக்கு காஞ்சிருக்கா, எந்திரிச்சு நாலு எட்டு நடக்குதான்னு பாரு. "ஊசி ஏதும் போட்டீங்களா? போட்டு எத்தனை நாளாச்சு?"ன்னு கேளு. பல மருந்துக்கு இத்தனை நாள் போனாத்தான் வெட்டலாம்னு கெடு உண்டு. நல்ல பண்ணைக்காரரு நோட்டைத் தொறந்தே காட்டுவாரு. ஒண்ணு மட்டும் கேட்டுறாதே: "உங்ககிட்ட எத்தனை மாடு இருக்கு, எத்தனை ஏக்கரு?" அந்தச் சீமையில அது, பேங்குல எம்புட்டு வெச்சிருக்கீங்கன்னு கேக்குற மாதிரி. மரியாதைக்குச் சிரிச்சுட்டு, உன் பங்குல கொழுப்பைக் கூட வெச்சுக் கட்டிருவாரு. தொறந்து கெடந்த கேட்டைத் தொறந்தே விடு, மூடியிருந்ததை மூடிட்டுப் போ. இது தெரிஞ்சாப் போதும், உன்னை மனுசனா மதிப்பாரு.

"கடையில வாங்கிட்டுப் போலாமே, இந்த வேலை எதுக்கு?"ன்னு உன் பொண்டாட்டி கேட்டிருப்பா. நியாயம். வடக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுனா கிரீலி. அங்க ஜேபிஎஸ் கம்பெனியோட பெரிய கசாப்பு ஆலை இருக்கு. அது, டைசன், கார்கில், நேஷனல் பீஃப்: இந்த நாலு பேருதான் இந்த நாட்டுல கறிக்குன்னு கொழுக்க வெச்ச மாட்டுல 100க்கு 85 கிட்ட வெட்டுறாங்க. 2020 ஏப்ரல்ல கொரோனா பரவி கிரீலி ஆலையைக் கொஞ்ச நாள் மூடுனாங்க. நாடு பூராவும் இப்படிப் பல ஆலை மூடுச்சு. மாடு பட்டியில நிக்குது, கடையில கறி இல்ல. அப்பத்தான் சனங்க சின்னக் கசாப்புக்காரங்களைத் தேடி ஓடி, ஒரு வருசத்துக்கு முன்னாடியே தேதி வாங்கி வைக்கிற நெலமை வந்துச்சு. இப்பவும் மாடு சட்டுன்னு கெடைச்சுட்டாலும், வெட்டத் தேதி கெடைக்கிறது செரமமா இருக்கலாம். அதனால மொதல்ல தேதி, அப்புறம் மாடு. நீ தலைகீழாச் செஞ்சிருப்பே.

வெலை மலிவுன்னு எவன் சொன்னான் உனக்கு? 2025 சனவரிக் கணக்குல இந்த நாட்டு மாடு மொத்தமே 8 கோடியே 67 லட்சம்; 1951க்கு அப்புறம் அதுவரைக்கும் அம்புட்டுக் கொறைஞ்சதே இல்ல. நாங்க சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுவோம். வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது. உள்ள இருக்கிற ரெண்டு பேருக்கும் தெளிவாத் தெரியும். இங்க எல்லாத்தையும் வெளிப்படையாக் காகிதத்துல எழுதிக் குடுக்கிறான், ஆனா உன்னை மாதிரி ஆளுக்கு ஒண்ணும் புரியறதில்ல. மாடு நிக்கும்போது 1,200 பவுண்டு, நம்ம கணக்குல 544 கிலோ. தோலு, தலை, குடலு, ரத்தம் போயி, கொக்கியில தொங்கும்போது சுமாரா 750 பவுண்டு. எலும்பும் கொழுப்பும் கழிச்சு உன் கைக்கு வர்றது 490 பவுண்டு கிட்ட. விக்கிறவன் வெலை சொல்றது நடுவுல இருக்கிற 750க்கு! பேச்சுக்கு, பவுண்டு 4 டாலர்னு சொல்றான்னு வெச்சுக்க. நீ துள்ளிக் குதிப்பே. 3,000 டாலரு அங்க. வெட்டிப் பொட்டலம் கட்டக் கூலி தொங்குற எடைக்குப் பவுண்டுக்கு ஒரு டாலர்னா 750. வண்டியோட வந்து அடிச்சுத் தர்றதுக்கு 150ன்னு வெச்சாலும் மொத்தம் 3,900. அதை 490ஆல வகுத்துப் பாரு. பவுண்டு 8 டாலர் ஆயிருச்சா? மாடு திருடல, அவனும் திருடல. 4 டாலர்னு கேட்டதும் மூளையை நீயே கழட்டி வெச்சுட்டே.

வெலையைக் கொறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதே, அசிங்கம். எலும்பைக் கேளு. சூப்பு எலும்பு, கழுத்து எலும்பு, கொழுப்பு, வாலு, நாக்கு, ஈரலு, இருதயம். இங்க பாதிப் பேரு "வேணாம்"னு எழுதிட்டுப் போயிருவான். நீ "எல்லாம் வேணும்"னு எழுது. போட்டி வேணும்னா மட்டும் நீயே வாளியோட போயி நிக்கணும். குடலு கழுவித் தர்ற பொறுமை எந்தக் கசாப்புக்காரனுக்கும் இல்ல. பட்டியிலயே கொட்டிட்டுப் போயிருவான். உன் பொண்டாட்டி அதை வீட்டுக்குள்ள விடுவாளான்னு முன்கூட்டியே கேட்டுக்க. உன் மாமன் கேட்டதா சொல்லாதே.

அன்னைக்கு எப்படி நடக்கணும்னு சொல்லவா? சுடுறது பெரும்பாலும் பண்ணைக்காரரா இருக்க மாட்டாரு. லாரியில கொக்கியும் துப்பாக்கியும் வெச்சுக்கிட்டு வர்ற கசாப்புக்காரருதான். பொறந்ததுலேர்ந்து தண்ணி காட்டுன மாட்டைத் தன் கையால சுட எல்லாருக்கும் மனசு வராது. பண்ணைக்காரரு கொட்டாய்க்குப் பின்னாடி போயி எதையாவது ரிப்பேர் பாத்துக்கிட்டு இருப்பாரு. கூப்பிட்டுப் பேச்சுக் குடுக்காதே.

நீயும் வாயை மூடிக்கிட்டு நில்லு. இதே மாகாணத்துல, ஃபோர்ட் காலின்ஸ்ல, கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா இருக்காங்க. மாடு எதைப் பாத்து மெரளுதுன்னு அது கண்ணோட ஒசரத்துக்குக் குனிஞ்சு பாத்தவங்க. தொங்குற சங்கிலி, தரையில விழுற நெழலு, சட்டுன்னு அசையிற துணி, மனுசக் கத்தல். இதுக்குத்தான் மெரளுமாம். தனியா நிறுத்துனா இன்னும் பதறும். பக்கத்துல இன்னொரு மாடு நின்னா அமைதி. கூடிக் கும்மாளம் போட்டு, போனைத் தூக்கிக்கிட்டு, அஞ்சாறு பேரு முன்னாடி போயி நின்னு மாட்டை மணிக்கணக்காப் பதற வெச்சீங்கன்னு வெச்சுக்க, சதையில சேத்து வெச்சிருந்த சர்க்கரைச் சத்து தீந்து போயிரும். அப்புறம் செத்த பின்னாடி கறிக்கு வர வேண்டிய புளிப்பு வராது. கறுத்துப் போயி, பிசுபிசுன்னு, சீக்கிரமே கெட்டுப் போற கறிதான் மிஞ்சும். உன் செல்பிக்கு அது வெலை.

குண்டு எங்க படணும்னு உனக்குத் தெரியும்னு நெனைக்கிறே. ரெண்டு கண்ணுக்கு நடுவுலன்னு சினிமாவுல பாத்திருப்பே. அது தப்பு, ரொம்பக் கீழ. ஒவ்வொரு கண்ணுலேர்ந்தும் எதிர்ப்பக்கத்துக் கொம்பு மொளைக்கிற எடத்துக்கு ஒரு கோடு போட்டா, ரெண்டும் வெட்டிக்கிற புள்ளி நெத்தியில வரும். அங்க. மாடு தரையைத் தொடுறதுக்குள்ள நெனவு போயிரும். அப்புறம் ஒரு நிமிசத்துக்குள்ள கழுத்துல கத்தி. காலு ஒதைச்சுக்கும். உசுரு இருக்குன்னு கத்திக்கிட்டு ஓடாதே. அது நரம்பு வேலை. உனக்கு மயக்கம் வந்தா லாரிக்குப் பின்னாடி போயி உக்காரு. யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் மட்டும் சிரிப்பேன்.

அடுத்து நீ செய்யப் போற கூத்து எனக்கு இப்பவே தெரியும். "சுடச்சுட ரெண்டு கிலோ குடுங்க, இன்னைக்கே கொழம்பு வெக்கணும்"ம்பே. கசாப்புக்காரரு உன்னை விநோதமாப் பாப்பாரு. நமக்கு அன்னைக்கு வெட்டுன கறிதான் கறி. அவங்க மாட்டை ரெண்டாப் பொளந்து, உறையாத குளிர்ல பத்துப் பதினாலு நாள் தொங்க விடுவாங்க. கறி தன்னாலயே எளகி மெதுவாகும். அதுவரைக்கும் பொறு. மாட்டுக்காரன் பொறுக்கணும்.

கறி தொங்குற அந்த நாளுல கசாப்புக்காரன் ஒரு காகிதம் குடுப்பான்: எப்படி வெட்டணும்னு நீ எழுதித் தரணும். ஸ்டேக்கு எத்தனை இஞ்சு தடிமன், ஒரு பொட்டலத்துல எத்தனை, கைமாவுல கொழுப்பு எவ்வளவு. நாலு பேரும் சேந்து உக்காந்து எழுதுங்க, இல்லைன்னா நட்பு அன்னையோட முடிஞ்சுது. மாட்டுக்கு டெண்டர்லாயின் ரெண்டே ரெண்டு பட்டை. நாக்கு ஒண்ணு, வாலு ஒண்ணு. மூட்டை மூட்டையா வரப்போறது கைமா. ஒருத்தன் முன்காலு, ஒருத்தன் பின்காலுன்னு பிரிச்சா, இடுப்புப் பக்கத்து மெதுக்கறி பூராவும் பின்காலுக்காரனுக்கே போயிரும். நம்ம ஊருல கூறு போட்டா ஒவ்வொரு கூறுலயும் ஈரல்லேர்ந்து எலும்பு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் விழும்ல, அப்படிக் கலந்து பிரிக்கச் சொல்லு. அவங்களும் செய்வாங்க. "கொழம்புக்கு எலும்போட சின்னத் துண்டு"ன்னு எழுதுனா அவனுக்கு வெளங்காது. காலுக்கறியை எலும்போட குறுக்கா வெட்டச் சொல்லு, விலாவைத் துண்டு போடச் சொல்லு. ஆளுக்கு 120 பவுண்டு வரும். 40 பவுண்டுக்கு ஒரு கன அடின்னு கணக்குப் போட்டு ஃப்ரீசரை மொதல்ல வாங்கு. கறி வந்த பின்னாடி எடம் தேடி என் மக வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வராதே; அவ மாமியா ஊர்லேர்ந்து வந்திருக்கா.

கைமாவை மட்டும் அரைவேக்காட்டுல திங்காதே. கிருமி மாட்டுக் குடல்லயும் தோல்லயும் இருக்கிறது. கறி மேல ஒட்டும். அரைச்சா உள்ள பூராவும் கலந்துரும். 71 டிகிரி செல்சியஸ் வரைக்கும் வேகணும்னு சொல்லியிருக்கான். எங்கக்கா வைக்கிற மாதிரி மூணு விசிலு விட்டா அந்தக் கவலையே இல்ல.

அக்கான்னதும், உங்கம்மாவுக்கு மட்டும் போட்டோ அனுப்பிராதே. "எம்பய அமெரிக்காவுல மாடு வாங்கிட்டான்"னு தெருப் பூராவும் சொல்லிட்டு, அடுத்த நிமிசம் எனக்குப் போனைப் போட்டு, "எம்புட்டுக் கறக்குதாம் தம்பி?"ன்னு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?

பொட்டலம் ஒவ்வொண்ணுலயும் "விற்பனைக்கு அல்ல"ன்னு முத்திரை குத்தியிருக்கும். வெளையாட்டுக்குக் குத்தல. பொங்கல் விழாவுல பிரியாணி போட்டு டிக்கெட்டு விக்கலாம்னு உன் கூட்டாளி ஒருத்தன் யோசனை சொல்லுவான். அவனை அப்பவே கூட்டுலேர்ந்து கழட்டி விடு. அந்தக் கறியை யாரு திங்கலாம்னு சட்டத்துல தெளிவா எழுதியிருக்கான்: சொந்தக்காரன், அவன் குடும்பம், அவன்கிட்ட வேலை பாக்குறவங்க, அப்புறம் காசு குடுக்காத விருந்தாளி. மத்ததுல எனக்குச் சந்தேகம் இருந்தாலும், கடைசியில சொன்ன தகுதி எனக்கு முழுசா இருக்கு மாப்ளே. நான் இது வரைக்கும் உனக்கு ஒரு சல்லிக்காசு குடுத்ததில்ல, இனியும் குடுக்கிறதா இல்ல. வாலையும் ரெண்டு கால் எலும்பையும் தனியா எடுத்து வெச்சுட்டு, எந்த ஞாயித்துக்கெழமைன்னு சொல்லு. மககிட்ட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்.